கிணத்துக்கடவு பக்கம் இரண்டு ஏக்கர் தோப்பும் வீடும் விலைக்கு வருகிறது: வாங்கலாமா?

பீளமேட்டுக்காரன்

வணக்கம். பீளமேட்டில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். எனக்கு மென்பொருள் வேலை, பாதி நாட்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. மகள் ஏழாவது படிக்கிறாள். அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பால்கனியில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் "கால் வைக்க மண்ணு வேணும்டா" என்பார்.

கிணத்துக்கடவிலிருந்து நெகமம் போகும் வழியில், தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு தோப்பு விலைக்கு வந்திருக்கிறது. 2 ஏக்கர் 12 சென்ட். தென்னை 130 மரம் இருக்கும், எல்லாம் காய்க்கிற வயசு. 1998ல் கட்டிய மொட்டைமாடி வீடு, இரண்டு படுக்கை அறை, முன்னால் திண்ணை, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. ஒரு கிணறு, அதில் மூன்றில் ஒரு பங்கு. தனியாக ஒரு போர், 900 அடி என்கிறார்கள். கேட்கிற விலை 1 கோடியே 80 லட்சம். தரகர் "உட்கார்ந்து பேசினா குறையும்" என்கிறார்.

ஃபிளாட்டை விற்கப்போவதில்லை. அதை அடமானம் வைத்துக் கொஞ்சம், கையிருப்பு கொஞ்சம், அம்மா ஊர் நிலம் விற்ற பணம் கொஞ்சம் என்று சேர்த்தால் எட்டிவிடும். அங்கேயே குடிபோவதுதான் எண்ணம். வார இறுதி வீடாக வைத்துக்கொள்ள இல்லை.

வீடு பிடித்திருக்கிறது. மற்றதில் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

தோட்டத்துக்காரன்

வீட்டைக் கடைசியில் பாருங்க தம்பி. வீடு பிடிக்கவில்லை என்றால் இடித்துக் கட்டலாம். தடமும் தண்ணியும் சரியில்லை என்றால் இடிக்கிறதுக்கு ஒன்றும் கிடையாது.

முதலில் தடம். தார் ரோட்டிலிருந்து தோப்பு வரைக்கும் வண்டி போகிற பாதை யாருடையது? பஞ்சாயத்துப் பாதையா, வண்டிப்பாதைப் புறம்போக்கா, இல்லை பக்கத்துத் தோட்டத்துக்காரர் நிலத்தில் "மாமூலாப் போய்ட்டு இருக்கிற" தடமா? எங்கள் பக்கத்தில் பாதி வழக்கு தடத்துக்குத்தான். இன்றைக்கு விற்கிறவருக்கும் பக்கத்துக்காரருக்கும் பங்காளி உறவு, அதனால் வண்டி போகிறது. நீங்கள் வெளியாள். வாங்கின அடுத்த மாசம் குறுக்கே ஒரு கல்லு நட்டுவிட்டால் காரை எங்கே விடுவீர்கள்?

அப்புறம் கிணறு. மூன்றில் ஒரு பங்கு என்றால் மோட்டாரும் கரண்ட் இணைப்பும் மூன்று பேருக்கும் பொது. மூன்று நாளைக்கு ஒரு முறை உங்களுக்கு. மோட்டார் காயில் எரிந்தால் மூன்று பேரும் காசு போட வேண்டும், ஒருத்தர் போடமாட்டார். அந்த ஒருத்தர் யார் என்று வாங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது, மேற்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் விடாமல் அடிக்கும். மேற்கே தேங்காய் நார் மில்லோ, கல் உடைக்கிற கிரஷரோ இருந்தால் அந்தத் தூசி முழுக்க உங்கள் திண்ணையில்தான். தை மாசம் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பழைய சர்வேயர்

தோட்டத்துக்காரர் சொன்னதை வழிமொழிகிறேன். காகித விஷயம் நான் சொல்கிறேன்.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியான கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) நான்கையும் இணையத்தில் நீங்களே எடுக்கலாம். வில்லங்கச் சான்றும் பதிவுத்துறைத் தளத்தில் பார்க்கலாம். தரகர் கொடுக்கிற நகலை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், நீங்களே எடுங்கள்.

பட்டா யார் பெயரில் என்பதை விட, தனிப் பட்டாவா கூட்டுப் பட்டாவா என்று பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால், காகிதத்தில் உங்கள் 2 ஏக்கர் 12 சென்ட் இன்னும் பிரியவில்லை. வேலி போட்டிருப்பதும் வரப்பு இருப்பதும் அவர்களுக்குள் வாய்ப்பேச்சு. உட்பிரிவு செய்து, புலப்படத்தில் கோடு விழுந்து, தனி எண் வந்த பிறகு பணம் கொடுப்பதுதான் சரி. "கிரயம் முடிஞ்சதும் உட்பிரிவு பண்ணிக்கலாம்" என்பார்கள். பண்ணலாம், உங்கள் செலவில், உங்கள் அலைச்சலில், பங்காளிகள் ஆட்சேபணை போடாமல் இருந்தால்.

1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடந்தது, யூடிஆர் என்றால் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்போது பெயர் மாறி ஏறினது, சர்வே எண் மாறி ஏறினது, பரப்பு குறைந்தது என்று பிழைகள் இன்றும் பட்டாவில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் பட்டாவை மட்டும் வைத்து உரிமை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மூலப் பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று வக்கீல் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். அசலைக் கண்ணால் பாருங்கள். அசல் இல்லை, நகல்தான் இருக்கிறது என்றால் அசல் எங்கேயோ அடமானத்தில் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால் நிலம் சுத்தம் என்று அர்த்தம் கிடையாது. பதிவானது மட்டும்தான் அதில் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதியாத உயில் எல்லாம் வராது. வழக்குக்கு ஈ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் போட்டுத் தேடுங்கள். பொள்ளாச்சி, கோவை இரண்டு ஊர் நீதிமன்றங்களிலும்.

இன்னொன்று. அ-பதிவேட்டில் பழைய குறிப்பைப் பாருங்கள். 1892க்குப் பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் பட்டியல் சாதியினருக்குக் கொடுத்த பஞ்சமி நிலம், பூமிதான நிலம், கோயில் நிலம் இதில் எதுவாக இருந்தாலும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடவே கூடாது. எத்தனை கை மாறி வந்திருந்தாலும் அந்தக் குறை தீராது.

பீளமேட்டுக்காரன்

நன்றிங்க. நேற்று இரவே உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன். கூட்டுப் பட்டாதான், நான்கு பெயர் இருக்கிறது. விற்பவரின் அப்பா இறந்துவிட்டார், பெயர் இன்னும் மாறவில்லை. விற்பவருக்கு இரண்டு அக்கா. ஒருவர் ஈரோட்டில், இன்னொருவர் சிங்கப்பூரில். தரகர் "அவங்களுக்கு நகை, சீர் எல்லாம் அப்பவே செஞ்சாச்சு, வரமாட்டாங்க" என்கிறார்.

பழைய சர்வேயர்

சீர் செய்தது சொத்துப் பங்கைத் தீர்க்காது. தமிழ்நாட்டில் 1989லேயே, அப்போது திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது. 2005ல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற குழப்பத்தையும் 2020ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அந்த நிலம் அப்பாவின் சுய சம்பாத்தியமாகவே இருந்தாலும், உயில் எழுதாமல் போயிருந்தால் மகள்களுக்கும் சம பங்குதான்.

ஆக, இரண்டு அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுக்கட்டும், இல்லை உங்கள் கிரயத்தில் அவர்களும் சேர்ந்து எழுதிக் கொடுக்கட்டும். சிங்கப்பூர்க்காரர் வர முடியாவிட்டால் அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றளித்த பவர் பத்திரம் அனுப்பலாம். அம்மா இருந்தால் அம்மாவும். வாரிசுச் சான்றிதழை வாங்கி யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். இது முடியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சிங்கப்பூர் கோவைக்காரி

இழையிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். வெளிநாட்டு வாழ் இந்தியர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு "நாமும் ஒரு தோப்பு வாங்கலாம்" என்று கிளம்ப வேண்டாம். அந்நியச் செலாவணி விதிப்படி நமக்கு விவசாய நிலம், எஸ்டேட், பண்ணை வீடு மூன்றும் வாங்க அனுமதி கிடையாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். தம்பி பெயரில் வாங்கிப்போடுவது பற்றி எனக்கு நிறையக் கதை தெரியும், அதற்குத் தனி இழை வேண்டும்.

மின்வாரிய ஓய்வு

கரண்ட் பற்றி யாரும் பேசவில்லை. கிணற்றில் இருப்பது இலவச விவசாய இணைப்பாக இருக்கும். வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சில தோட்டங்களில் மோட்டார் இணைப்பிலிருந்தே வீட்டுக்கு ஒயர் இழுத்திருப்பார்கள். மோட்டார் அறை விளக்கு எரிப்பது வேறு, வீட்டில் ஏசி போடுவது வேறு. பிடிபட்டால் மின்சாரச் சட்டத்தின் 126ம் பிரிவில் இரண்டு மடங்குக் கட்டணம் போடுவார்கள். முன்னால் இருந்தவர் செய்தார் என்று சொல்ல முடியாது.

பொது இணைப்பில் பெயர் மாற்ற மற்ற பங்குக்காரர்களின் சம்மதம் கேட்பார்கள். போருக்கு எந்த இணைப்பு? அதுவும் கிணற்று இணைப்பிலேயே ஓடுகிறதா, தனியா? இதைக் கேட்டுச் சொல்லுங்கள். மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வரும் என்று எண்ண வேண்டாம். அப்புறம், வீடு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எவ்வளவு தூரம்? கடைசிக் கம்பத்து வீடாக இருந்தால் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். வீட்டிலிருந்து வேலை செய்கிற உங்களுக்கு அது முக்கியம்.

காந்திபுரம் கணக்கு

எல்லாரும் நல்லவிதமாகச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள் சார்.

1 கோடியே 80 லட்சத்தையும் வெள்ளையில் காட்டிப் பதிந்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 16 லட்சத்து 20 ஆயிரம். விற்பவர் "வழிகாட்டி மதிப்புக்குப் பதிஞ்சுக்கலாம், மீதி ரொக்கமா" என்பார், அதாவது அரசு வைத்த குறைந்தபட்ச மதிப்புக்கு. 2015 ஜூனிலிருந்து நிலம் வீடு விற்பதில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கினவருக்கு அதே தொகை அபராதம். ஆனாலும் கேட்பார்கள். நீங்கள் அடமானக் கடன் வாங்குகிறீர்கள், கடன் பணம் வங்கி வழியாகத்தான் வரும், ரொக்கத்துக்கு எங்கே போவீர்கள்?

தோப்பு வருமானம் வட்டியைக் கட்டும் என்று தரகர் சொல்லியிருப்பார். 130 மரம், மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய் என்று தாராளமாகவே வைப்போம். 13,000 காய். தோப்பில் காய் 12 ரூபாய்க்குப் போனால் 1 லட்சத்து 56 ஆயிரம். 25 ரூபாய்க்குப் போனால் 3 லட்சத்து 25 ஆயிரம். இதில் மரம் ஏறுகிற கூலி, உரம், களை, தண்ணீர் எல்லாம் கழிய வேண்டும். அதே 1.80 கோடியை 6.5 சதவீதத்துக்கு வங்கியில் போட்டால் 11 லட்சத்து 70 ஆயிரம் வரும்.

2025ல் கொப்பரை விலை ஏறியதைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். 2023ல் ஆதார விலை கிலோ 108 ரூபாய் 60 காசு, சந்தை அதற்கும் கீழே கிடந்து விவசாயிகள் தேங்காயை ரோட்டில் உடைத்தார்கள்.

தோட்டத்துக்காரன்

கணக்கு சரிதான். ஆனால் வங்கியில் போட்ட பணத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்க முடியாதே. அவர் குடியிருக்கக் கேட்கிறார், வட்டிக்குக் கேட்கவில்லை. தென்னை வருமானம் தோப்பைப் பராமரித்தால் போதும் என்று வைத்துக்கொண்டால் மனசு நிம்மதியாக இருக்கும்.

மரத்தைப் பற்றி ஒன்று. ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பாருங்கள். ஓலைக்கு அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ, 2016ல் பொள்ளாச்சிப் பக்கம்தான் முதலில் வந்தது. கீழ் ஓலை கருப்பாகப் பூசினாற்போல் இருக்கும். அதனோடு வாழ்ந்து பழகிவிட்டோம். ஓலை மஞ்சளாகி, உள்பக்கமாக வளைந்து, காய் சிறுத்துக்கொண்டே போனால் அது கேரளா வாடல், வேர் வாடல் என்பார்கள். அது வந்த மரத்துக்கு வைத்தியம் கிடையாது, வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனைமலைப் பக்கம் தோப்புத் தோப்பாகப் போய்விட்டது. 130 மரத்தில் எத்தனைக்கு அந்த அறிகுறி என்று எண்ணிவிட்டு விலை பேசுங்கள்.

மழைமானி

தண்ணீரை நான் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நகரத்திலிருந்து வருகிறவர்கள் "போர் இருக்கிறது" என்ற ஒரு வார்த்தையோடு திருப்தி ஆகிவிடுகிறார்கள்.

கோடையில் சொட்டு நீரில் விட்டால்கூட ஒரு தென்னைக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் தேவை. 130 மரத்துக்குக் கிட்டத்தட்ட எட்டரை ஆயிரம் லிட்டர். வீட்டுக்கு ஐந்து பேர், மாடு வைத்தால் மாடு, இன்னும் ஓராயிரம். தினமும் ஒரு லாரித் தண்ணீருக்குக் கொஞ்சம் குறைவு. இதை அந்த 900 அடி போர் சித்திரை மாசத்தில் தருமா என்பதுதான் கேள்வி. ஐப்பசியில் எல்லாப் போரும் தரும். 2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, அடுத்த கோடையில் இந்த வட்டாரத்தில் காய்க்கிற மரங்கள் நின்றபடியே காய்ந்தன. லாரித் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றினார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் "அந்த வருஷம் இந்தத் தோப்பு எப்படி இருந்துச்சுங்க" என்று கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.

அடுத்து, நிலம் பி.ஏ.பி. ஆயக்கட்டில், அதாவது வாய்க்கால் பாசனப் பரப்பில் வருகிறதா? பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் திருமூர்த்தி அணையிலிருந்து 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். உங்கள் மண்டலத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் சுற்றியுள்ள கிணறுகளுக்கும் ஊற்று வரும். ஆயக்கட்டு நிலத்துக்கும் மானாவாரிக்கும் விலை வித்தியாசம் அதனால்தான். ஆயக்கட்டு என்று வாயால் சொன்னால் போதாது, எந்த மண்டலம், எந்த மடை, வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடையா என்று கேளுங்கள். கோதவாடிக் குளத்துக்குத் தண்ணீர் வந்தால் எங்களுக்கும் வரும் என்று சொல்வார்கள். குளத்துக்கு எப்போது வந்தது என்று திருப்பிக் கேளுங்கள். அத்திக்கடவு அவினாசித் திட்டத்தை இங்கே இழுத்துப் பேசுகிற தரகர்களும் உண்டு. அது 2024 ஆகஸ்டில் திறந்ததுதான், ஆனால் அது வடக்கே, இந்தப் பக்கத்துக்குச் சம்பந்தமில்லை.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்து ஆய்வு செய்யுங்கள். ஆழப் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கலாம். பக்கத்தில் நார் மில் இருந்தால், தேங்காய் மட்டைப் பித்தைக் கழுவி விடுகிற தண்ணீர் நிலத்தடிக்கு இறங்கிக் கிணறே காப்பி நிறத்துக்கு மாறிப்போன இடங்கள் உண்டு. 2021 நவம்பரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை மாசு இல்லாத வெள்ளை வகையிலிருந்து மாசு உள்ள ஆரஞ்சு வகைக்கு மாற்றியது சும்மா இல்லை.

புது மனை

இவ்வளவு தலைவலி எதற்கு? இதே பக்கத்தில் 25 சென்ட் பண்ணை நிலம் என்று பிரித்து விற்கிறார்கள். சுற்றுச் சுவர், கேட், காவலாளி, அவர்களே மாஞ்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். பாதி விலை.

பழைய சர்வேயர்

அந்த 25 சென்ட் எந்தப் பெயரில் பதிவாகிறது என்று பாருங்கள். விவசாய நிலமாகத்தான் பதிவார்கள், அங்கீகாரம் பெற்ற மனையாக இல்லை. உள்ளே போடுகிற ரோடு பஞ்சாயத்துக்குத் தானமாகப் போயிருக்கிறதா? பெரும்பாலும் போயிருக்காது, அது நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும். வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனால் அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு என்பார்கள். அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்துகிற வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான். தோப்பில் தடம் ஒரு பக்கத்துக்காரரின் கையில் என்றால், இங்கே தடமும் தண்ணியும் வாசல் கேட்டும் ஒரே கம்பெனியின் கையில்.

பீளமேட்டுக்காரரே, உங்கள் தோப்பு வீட்டுக்கும் இதே கேள்வி உண்டு. 1998ல் பஞ்சாயத்தில் வரைபட அனுமதி வாங்கினார்களா, வீட்டு வரி ரசீது இருக்கிறதா? இது இல்லாமல்தான் வங்கிகள் தோப்பு வீட்டுக்கு வீட்டுக் கடன் கொடுக்கத் தயங்குகின்றன. இணையத்தில் தெரியாத இன்னும் இரண்டு: உயர்மின் கோபுரக் கம்பி மேலே போகிறதா, எரிவாயுக் குழாயோ எண்ணெய்க் குழாயோ கீழே போகிறதா. கொங்கு மண்டலத்தில் இதற்காக எத்தனை போராட்டம் நடந்தது என்று தெரியும்தானே. குழாய் போன பட்டையில் வீடும் கட்ட முடியாது, மரமும் வைக்க முடியாது. நிலம் உங்களுடையதுதான், ஆனால் சும்மா கிடக்கும்.

வடசித்தூர் சாளை

நாங்கள் நகரத்திலிருந்து வந்து சாளையில், அதாவது தோட்டத்துக்குள் இருக்கிற வீட்டில் குடியிருக்கிறோம், அதனால் சொல்கிறேன். நல்லாத்தான் இருக்கிறது. காலையில் எழுந்து வெளியே வந்தால் மனசு லேசாகிறது, பிள்ளைகள் செல்போனைக் கேட்பது குறைந்திருக்கிறது, மாரியம்மன் நோன்பிக்கு ஊரே கூப்பிட்டு இலை போடுகிறது.

மயிலைப் பார்க்க அழகு, தக்காளி நட்டால் தெரியும். ஒன்று விடாமல் கொத்திவிடும். கண்ணாடி விரியன் உண்டு, இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோம். கேஸ் சிலிண்டர் வீடு வரை வராது. சாப்பாடு ஆர்டர் போடுகிற வேலையே இல்லை. ஆள் கிடைப்பது பெரும்பாடு, மரம் ஏறுகிறவர் "நாளைக்கு" என்றால் அடுத்த வாரம். இணையத்துக்கு ஊர் கேபிள்காரர் ஃபைபர் இழுத்துக் கொடுத்தார், காற்று மழைக்கு அறுந்தால் அவரேதான் வர வேண்டும்.

குவாரியைப் பற்றித் தோட்டத்துக்காரர் அண்ணா தூசியோடு நிறுத்திவிட்டார். கிணத்துக்கடவைச் சுற்றி வெடி வைக்கிற குவாரிகள் இருக்கின்றன. குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி. 300 மீட்டரைத் தாண்டினாலும் வெடிக்கு ஜன்னல் அதிரும். மத்தியான நேரத்தில் போய் ஒரு நாள் அந்தத் திண்ணையில் உட்காருங்கள். சுவரில் விரிசல் இருந்தால் அது எப்படி வந்தது என்று கேளுங்கள். டிப்பர் லாரிகள் எந்த ரோட்டில் போகின்றன என்றும் பாருங்கள், உங்கள் மகளின் பள்ளி வேன் அதே ரோட்டில்தான் வரும்.

கவுண்டம்பாளையம் அக்கா

பாதுகாப்பு பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025ல் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் தனியாக இருந்த வயதான தம்பதியை. அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்திலேயே இரண்டு குடும்பம் பெரியவர்களை ஊருக்குள் கூட்டிவந்துவிட்டது. பயமுறுத்தச் சொல்லவில்லை தம்பி. நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பகல் முழுக்க அங்கே இருக்கப்போவது உங்கள் அப்பா அம்மா. கூப்பிடு தூரத்தில் வீடு இருக்கிறதா? நாய், கேமரா, விளக்கு எல்லாம் சரி, கூப்பிட்டால் ஓடி வர ஒரு ஆள் வேண்டும்.

பீளமேட்டுக்காரர் வீட்டம்மா

இவர் தூங்கின பிறகு இழை முழுவதையும் படித்தேன். எல்லாருக்கும் நன்றி. என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் அந்த இடம் பிடித்திருக்கிறது. ஆனால் இவருக்குப் பாதி நாள்தான் அலுவலகம், எனக்குத் தினமும் பள்ளி. எட்டரைக்கு நான் பீளமேட்டில் இருக்க வேண்டும். பொள்ளாச்சி ரோடு நான்கு வழியாகிவிட்டது, உக்கடம் மேம்பாலமும் 2024ல் திறந்துவிட்டது, முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்கிறார். மேம்பாலத்தில் இறங்கின பிறகு பீளமேடு வரை இருக்கிற தூரத்தை இவர் கணக்கில் சேர்க்கவில்லை. போத்தனூர் பொள்ளாச்சி ரயிலும் கிணத்துக்கடவில் நிற்கிறது, ஆனால் என் பள்ளி நேரத்துக்கு அது ஒத்துவரவில்லை.

மாமனாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இப்போது மருத்துவமனை பத்து நிமிஷம். மாமியார் தினமும் சாயங்காலம் கோயிலுக்கு நடந்து போவார், அங்கே நான்கு பேரோடு பேசுவதுதான் அவருக்குப் பொழுது. தோப்பு வேண்டும் என்று மாமனார் சொல்கிறார். மாமியாரை இதுவரை யாரும் கேட்கவில்லை. நான் இன்றைக்குக் கேட்டேன். "நீங்க எல்லாம் போனா நானும் வர்றேன்" என்றார். அது சம்மதமா என்று எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்துக்காரன்

அம்மணி கேட்டதுதான் சரியான கேள்வி.

என்னைக் கேட்டால், இப்போது வாங்க வேண்டாம், வாடகைக்குப் போங்க. கிணத்துக்கடவு, வடசித்தூர், நெகமம் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் பூட்டிக் கிடக்கிற சாளை எத்தனையோ இருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் வந்தால் போதும் என்று குறைந்த வாடகைக்கே விடுவார்கள். ஆடிக் காற்று, ஐப்பசி மழை, சித்திரை வெயில் மூன்றையும் அங்கே இருந்து பாருங்கள். அதற்குள் மாமியாருக்கும் தெரிந்துவிடும், உங்களுக்கும் தெரிந்துவிடும். அங்கேயே இருந்தால் தரகர் இல்லாமலேயே நிலமும் காதுக்கு வரும். ஊருக்குள் இருக்கிறவனுக்கு ஒரு விலை, காரில் வந்து இறங்குகிறவனுக்கு ஒரு விலை.

காந்திபுரம் கணக்கு

வாடகை யோசனைக்கு என் ஓட்டும். ஃபிளாட்டை வாடகைக்கு விட்டால் அதிலேயே சாளை வாடகை போய் மிச்சம் நிற்கும். ஃபிளாட்டை அடமானம் வைத்துத் தோப்பு வாங்குவது மட்டும் வேண்டாம். தோப்பை அவசரத்துக்கு விற்க முடியாது. கூட்டுப் பட்டா, பொதுக் கிணறு என்றால் வாங்குகிறவனும் இப்படி ஒரு இழை போட்டுவிட்டு ஓடிவிடுவான்.

பீளமேட்டுக்காரன்

வீட்டம்மா எழுதியதைக் காலையில்தான் பார்த்தேன். அம்மாவிடம் நானும் தனியாகப் பேசினேன். வாடகைக்கு என்றால் உடனே சரி என்றார், அது எனக்கே ஆச்சரியம்.

ஆனாலும் அந்தத் தோப்பை விட மனசில்லை. தரகரிடம் நான்கு விஷயம் கேட்டிருக்கிறேன். அக்காக்கள் இருவரின் விடுதலைப் பத்திரம், உட்பிரிவு செய்த தனிப் பட்டா, தடத்துக்கு எழுத்து, போரின் இணைப்பு எண். முதல் இரண்டுக்கு "பார்க்கலாம்" என்றார். தடத்துக்கு "அதெல்லாம் மாமூல் தடம்ங்க, தாத்தா காலத்திலிருந்து போய்ட்டு இருக்கோம்" என்றார்.

பழைய சர்வேயர்

தாத்தா காலத்திலிருந்து போவது உண்மையானால் நல்லதுதான். இருபது வருஷம் தடையில்லாமல் உரிமையோடு அனுபவித்த பாதைக்கு 1882ம் வருட அனுபோக உரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றம் போக வேண்டும். அதற்குப் பதில், தடம் எந்தெந்த சர்வே எண் வழியாக, எத்தனை அடி அகலத்தில் வருகிறது என்று எழுதி, அந்த நிலக்காரரே தடப் பாத்தியப் பத்திரமாகப் பதிந்து கொடுக்கட்டும். அதற்குக் கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுங்கள். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான். உட்பிரிவு முடிந்து புலப்படம் வந்ததும் நகலை வக்கீலிடம் காட்டுங்கள்.

மழைமானி

போரை ஓட்டிப் பார்த்தீர்களா? ஐந்து நிமிஷம் இல்லை, தொடர்ந்து மூன்று நான்கு மணி நேரம். தொடங்கும்போது வருகிற தண்ணீரும் கடைசியில் வருகிற தண்ணீரும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பீளமேட்டுக்காரன்

ஞாயிற்றுக்கிழமை போய் மோட்டாரைப் போடச் சொன்னேன். "இன்னைக்கு நம்ம கரண்ட் முறை இல்லைங்க" என்றார்கள்.

மின்வாரிய ஓய்வு

அப்படியென்றால் போருக்குத் தனி இணைப்பு கிடையாது, பொதுக் கிணற்று இணைப்பிலேயே ஓடுகிறது. விலையை அதற்குத் தகுந்தபடி பேசுங்கள். தட்கலில், அதாவது பணம் கட்டிச் சீக்கிரம் வாங்குகிற திட்டத்தில், தனி இணைப்பு எடுக்கும் செலவைக் கழித்துக் கேளுங்கள். அடுத்த முறை எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு அன்றைக்கே போங்கள், விடிவதற்குள்.